ஒரு கிலோவுக்கு ஒன்பதரை கிராம்

என் அண்ணனுக்கு ஃபோனில் நலம் விசாரிக்கும் வழக்கம் கிடையாது. "உன் ஃபார்முலா வேலைக்கு ஆகலை, பாப்பா" என்றுதான் ஆரம்பித்தான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. தீவன ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கோழித் தீவனம், மாட்டுத் தீவனம், பன்றித் தீவனம் எல்லாம் என் கையெழுத்து விழுந்த பிறகுதான் லாரி ஏறும். அண்ணனுக்கு நான் பாப்பாதான்.

"என்ன ஆச்சு?"

"பன்னிக்குட்டிங்களுக்குப் பதினாறு வாரம் ஆச்சு. அறுபது கிலோ வரும்னே. தராசுல நாப்பத்தி நாலு நிக்குது."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். குண்டாத்தான் இருக்கு, நீளம் வரலை. பூசணிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி அலையுது. மாட்டு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், என் தங்கச்சி போட்ட கணக்குன்னு."

அதைத்தான் முதலில் சொல்லியிருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவன். எந்த வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் "முன்னாடி வந்தவன் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுப்பான். கைவலி வந்து அந்த வேலையை விட்டான். ஊர் முடிகிற இடத்தில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பன்னிரண்டு தடுப்புகள் கொண்ட கொட்டகை ஒன்றை எடுத்துப் பன்றி வளர்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம். இந்தத் தடவைதான் என்னிடம் தீவனக் கணக்கு கேட்டான். நானும் பெருமையாகப் போட்டுக் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கலவை அறைச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தேன். மக்காச்சோளம் இத்தனை, சோயாப் புண்ணாக்கு இத்தனை, லைசின் இத்தனை, உப்பு, தாதுக் கலவை. ஒரு குழந்தை பார்த்தாலும் கலக்கலாம்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கொட்டகைக்கு நூறு அடி இருக்கும்போதே கண் எரிந்தது. பன்றிக் கொட்டகையின் நாற்றம் எனக்குப் பழக்கம்தான். இது அது இல்லை. வெங்காயம் நறுக்குகிற வீட்டில் யாரோ முகத்தை அமுக்கிப் பிடித்த மாதிரி அமோனியா நெடி. உள்ளே போனதும் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பன்றிகள் அண்ணன் சொன்னபடியே இருந்தன. உருண்டையாக, கட்டையாக, மேலே முடி பரட்டையாக. தண்ணீர்க் குழாய்களில் வரிசை கட்டி நின்று குடித்துக்கொண்டே இருந்தன. வடிகால் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன போடுற?" என்று கேட்டேன்.

"நீ சொன்னதுதான்."

"அப்படியேவா? ஒண்ணுகூட மாத்தலையா?"

"நீ சொன்னதைத்தான் போடுறேன், பாப்பா. எத்தனை தடவை சொல்றது?"

கலவை அறைக்குப் போனேன். என் தாள் சுவரில் அப்படியே இருந்தது. எலிக்குப் பயந்து, வருகிற சாமான்களை எல்லாம் மூட்டை பிரித்து மூடி போட்ட நீல டிரம்களில் கொட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு டிரம்மிலும் கறுப்பு மார்க்கரில் பெயர். சோளம். சோயா. உப்பு. வயரிங்காரனின் கை, எல்லா எழுத்தும் ஒரே உயரம். தராசைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. கலக்கும் எந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன், நன்றாகவே கலக்கியது. தண்ணீரின் வேகத்தை அளந்தேன். பூச்சி மருந்து கொடுத்த தேதியைக் கேட்டேன். எல்லாம் சரி. அதுதான் எனக்கு எரிச்சலை ஏற்றியது. ஏதாவது ஒன்று தப்பாக இருந்தால் அவனைப் பிடித்துக் கத்தியிருக்கலாம்.

கலந்த தீவனத்தில் ஒரு பை அள்ளிக்கொண்டு ஆலைக்குத் திரும்பினேன். மூக்கு அடைத்துப்போன எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அதைச் சோதித்தேன். புரதம் நூற்றுக்குப் பதினேழரை. நான் போட்ட கணக்கு அதேதான். அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "புரதம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"பார்த்தியா? நான் சரியாத்தான் கலந்திருக்கேன். அப்போ தப்பு யார்மேல?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் கணக்கை நானே நான்கு முறை போட்டுப் பார்த்தேன். ஆலையில் எனக்குக் கீழே வேலை செய்கிற பெண்ணிடம், யாருடையது என்று சொல்லாமல், ஒரு முறை போடச் சொன்னேன். அவளுக்கும் அதே விடைதான் வந்தது. அதிலும் எனக்கு நிம்மதி வரவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்து எந்திரம் புரதத்தை நேராகப் பார்க்காது. நைட்ரஜனை எண்ணி, அதை ஒரு எண்ணால் பெருக்கி, புரதம் இவ்வளவு என்று சொல்லும். ஆனால் புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்தது அது. வளரும் பன்றியின் உடம்பு அதில் பாதிக்கு மேல் தானே செய்துகொள்ளும். மிச்சத்தை நாம்தான் தீவனத்தில் கொடுக்க வேண்டும். அந்த மிச்சத்தில் முதலில் பற்றாக்குறை ஆவது பெரும்பாலும் லைசின். அறுபது கிலோவை நோக்கி வளர்கிற பன்றிக்கு ஒரு கிலோ தீவனத்தில் ஒன்பதரை கிராம் லைசின் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அதை அளக்கிற எந்திரம் எங்களிடம் இல்லை. வேறு ஊர்ப் பெரிய கூடத்துக்கு அனுப்பினால் இரண்டு வாரத்தில் முடிவு வரும். அனுப்பினேன். அண்ணனிடம், "முடிவு வர்ற வரைக்கும் எதையும் மாத்தாதே. கையைக் கட்டிக்கிட்டு இரு" என்றேன்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா?

பத்தாம் நாள் அண்ணி ஃபோன் செய்தாள். அண்ணி தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் மூன்று மெஷின் போட்டு, பள்ளிச் சட்டை, ஆலைச் சட்டை என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பவள். அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"வயலின் டீச்சர் வந்துட்டுப் போனாங்க" என்றாள்.

அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டு வயலின் டீச்சர். சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கற்றுக்கொள்ள வருவார்கள்.

"என்னவாம்?"

"ஜன்னலை மூடி வெச்சும் பிள்ளைங்க கண்ணுல தண்ணி ஊத்துதாம். வாசிக்கிறதைக் கேட்டு அழுறாங்களோன்னு பெத்தவங்க நினைக்கிறாங்களாம். இந்த மாசம் மூணு பேர் நின்னுட்டாங்க."

"நெடி இன்னும் அதிகமாயிடுச்சா?"

"உங்க அண்ணன் போன வாரத்துல இருந்து புண்ணாக்கைக் கூட்டிட்டார். வளரலைன்னா புரதம் பத்தலைன்னு அர்த்தமாம்."

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மாற்றாதே என்று தமிழில்தானே சொன்னேன்?

முடிவு ஒரு வியாழக்கிழமை வந்தது. லைசின், கிலோவுக்கு ஐந்தே முக்கால் கிராம். ஒன்பதரை எங்கே, ஐந்தே முக்கால் எங்கே! பன்றிகள் பாவம், வயிறு நிறையத் தின்றும் வளர்வதற்கு வழியில்லாமல் கிடந்திருக்கின்றன. காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே மதிய பஸ்ஸைப் பிடித்தேன்.

அண்ணன் கொட்டகையில் இருந்தான். நான் நேராக அண்ணியின் தையல் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சண்டை போடலாம் என்று. அண்ணி சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லாத மெஷின்கள் இரண்டுக்கும் தூசி படாமல் உறை தைத்துப் போட்டிருந்தாள். கெட்டியான வெள்ளைச் சாக்கு. அதில் பச்சை எழுத்து. தண்ணீர் குடித்தபடியே படித்தேன். "கடலைப் புண்ணாக்கு. புரதம் 45."

"அண்ணி, இந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது?"

"கொட்டகையில இருந்துதான். உங்க அண்ணன் கொண்டு வந்து போடுவார். நல்ல கெட்டி. வீட்டுல இன்னும் நாப்பது கிடக்கு."

நாற்பது.

கொட்டகைக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன். நேராகக் கலவை அறைக்குள் போய், சோயா என்று எழுதிய டிரம்மின் மூடியைத் திறந்து, ஒரு கை அள்ளி, மூக்கைத் துடைத்துவிட்டு முகர்ந்தேன். வறுத்த கடலை வாசனை. இருபத்திரண்டு வருஷ அனுபவம்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். "என்ன, டிரம்மோட பேசிக்கிட்டிருக்கே?"

"இது கடலை."

"ஆமா."

"ஆமாவா? சோயான்னு எழுதி வெச்சிருக்கே!"

"முன்னாடி சோயா இருந்துச்சு. சோயா கிடைக்கலை. டிரம் அதேதானே, எதுக்கு அழிச்சு எழுதணும்?"

"என்ன போடுறன்னு உன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்!"

"நீ சொன்னதுதான்னு நானும் அத்தனை தடவை சொன்னேன். ரெண்டுலயும் புரதம் நாப்பத்தஞ்சு. சாக்குலயே போட்டிருக்கான்."

"கடலையில லைசின் சோயாவுல பாதிதான், அண்ணா! அதுவும் போக, தனியா லைசின் தூள் கொடுத்தேனே, அதையாவது போட்டியா?"

அவன் முகத்தில் ஒரு பொறுப்பான களை வந்தது. "அது பத்திரமா இருக்கு. வீட்டு அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கேன்."

"எதுக்கு?"

"மருந்தை எல்லாத்துக்குமா கொட்டுவாங்க? சோர்ந்து கிடக்கிறதுக்கு மட்டும் ஒரு ஸ்பூன் போடுறேன்."

இருபத்தைந்து கிலோ மூட்டை. சோர்ந்து கிடக்கிறதுக்கு ஒரு ஸ்பூன். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் அவன் என் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டதுவரை எல்லாம் வந்தது. பக்கத்துத் தடுப்பில் இருந்த பன்றிகள் தின்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தன. நான் மூச்சு வாங்க நின்றபோது, அண்ணன் "நீதானே சொன்னே" என்றான்.

"நான் எங்கே சொன்னேன்?"

"ஃபோன்ல."

"எப்போ?"

எனக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தாள், நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு. "சொன்னே, பாப்பா. நான் பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். 'சோயா கிடைக்கலை, கடலைதான் இருக்கு, போடலாமா'ன்னு கேட்டார். 'இப்போ பேச முடியாதுண்ணா, புரதம் குறையாம ஏதாவது போட்டு ஓட்டு'ன்னு சொல்லி வெச்சுட்டே."

ஃபோனை எடுத்துத் தேடினேன். இருந்தது. பதினொரு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்தொரு விநாடி. அன்றைக்கு எங்கள் கூடத்தில் எந்திரம் பழுது. மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்து என் பின்னால் நின்றிருந்தார்கள். அவன் கேட்டதை நான் காதில் வாங்கினேனா என்றுகூட நினைவில்லை. வாய் மட்டும் பதில் சொல்லியிருக்கிறது.

ஒரு மாதமாக மூச்சு முட்டச் சேர்த்து வைத்திருந்த கோபம். அதை வைக்க இப்போது இடம் இல்லாமல் போய்விட்டது. அண்ணன்மேல் பாதி வைக்கலாம், அந்தப் பூட்டிய அலமாரிக்காக. மிச்சம் என்னுடையது. நூற்றெண்பது பன்றிகள், பதினொரு வாரம்.

"என் தப்புதான்" என்றேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

அண்ணன் அதைக் கேட்டு அடங்கியிருக்கலாம். அவன் என் அண்ணன் ஆயிற்றே. "தப்பு யாருதுங்கிறது இருக்கட்டும். எனக்கு இன்னும் புரியலை. புரதம் குறையலை. இப்போ கூட்டியும் போட்டிருக்கேன். அப்புறம் ஏன் வளரலை?" என்றான்.

நான் சுவரில் இருந்த தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு விளக்கினேன். சங்கிலி வரைந்தேன். அதில் அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்து வரைந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆட்டுகிற விதத்திலேயே தெரிந்தது, ஒன்றும் ஏறவில்லை என்று.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, பத்துச் சட்டைக்குத் துணி இருக்கு. காலருக்கு மட்டும் ஆறுக்குத்தான் இருக்கு. எத்தனை சட்டை தைப்பேன்?"

"ஆறு."

"இன்னும் பத்து மீட்டர் சட்டைத் துணி வாங்கிப் போட்டா?"

"அப்பவும் ஆறுதான். காலர் இல்லையே."

"அந்தக் காலர்தான் பாப்பா சொல்ற லைசினு. நீங்க துணியா வாங்கிக் கொட்டிக்கிட்டிருக்கீங்க."

அண்ணன் யோசித்தான். "அப்போ மிச்சத் துணி என்ன ஆகும்?"

"நான்னா மூலையில போட்டு வைப்பேன். உங்க பன்னி மூத்திரமா விடுது. அதான் டீச்சர் வீட்டுப் பிள்ளைங்க அழுவுதுங்க."

நான் அண்ணியையே பார்த்தேன். உபயோகப்படாத புரதம் யூரியாவாகி, சிறுநீரில் போய், தரையில் அமோனியா ஆவதைப் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் முக்கால் மணி நேரம் படம் போட்டுக் காட்டுவேன்.

அப்படியும் அண்ணன் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் பார்க்க வேண்டுமாம். சரி, பார் என்று, ஒரே எடையில் பதினைந்து பதினைந்தாகப் பன்றிகளைப் பிரித்து இரண்டு தடுப்புகளில் விட்டோம். ஒன்றுக்குப் பழைய கடலைக் கலவை. இன்னொன்றுக்கு அதே கடலைதான், ஆனால் அலமாரியைத் திறந்து லைசின் தூளை எடுத்து, கிலோவுக்கு ஒன்பதரை கிராம் வருகிற மாதிரி நானே நிறுத்துக் கலந்தேன். கடலையில் குறைகிற மற்ற இரண்டு அமினோ அமிலங்களையும் எங்கள் ஆலையிலிருந்து வாங்கி வந்து சேர்த்தேன். மிச்சப் பன்றிகளை வைத்துப் பரீட்சை செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவற்றுக்கும் புதுக் கலவைதான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். முனகிக்கொண்டே சம்மதித்தான்.

மூன்று வாரம் கழித்து எடை போட்டோம். முப்பது பன்றிகளை ஒவ்வொன்றாகத் தராசுக் கூண்டுக்குள் ஏற்றுவது என்றால் என்ன என்பதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒன்று நுழைய மறுக்கும். ஒன்று நுழைந்துவிட்டு வெளியே வர மறுக்கும். ஒன்று அண்ணனின் கால்களுக்கு நடுவே புகுந்து, அவனைப் பத்தடி தூரம் பின்பக்கமாகச் சவாரி ஏற்றிக்கொண்டு போனது. அண்ணி எண்களை எழுதினாள். நான் பலகையை வைத்துத் தள்ளினேன். கடைசிப் பன்றி இறங்கியபோது மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணி கூட்டிப் பார்த்துச் சொன்னாள். பழைய கலவை தின்றவை சராசரியாகப் பத்தரை கிலோ ஏறியிருந்தன. புதுக் கலவை தின்றவை பதினேழு.

அண்ணன் அந்த நோட்டை வாங்கி, தானே ஒரு முறை கூட்டினான். பிறகு எழுந்து போய், சோயா என்று எழுதியிருந்ததைப் பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு, கடலை என்று எழுதினான். ஒரே உயர எழுத்தில்.

வயலின் டீச்சரிடம் நான்தான் போனேன். "தப்பு என்மேலதாங்க. ஃபோன்ல சரியாக் கேக்காம பதில் சொல்லிட்டேன். எங்க அண்ணனைத் திட்டாதீங்க" என்றேன். அந்த அம்மா வயலின் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே, "யார் தப்பா இருந்தா எனக்கென்ன? ஜன்னலை எப்போ திறக்கலாம்? அதைச் சொல்லுங்க" என்றார். இரண்டு வாரம் என்றேன். நெடி குறைய மூன்றரை வாரம் ஆயிற்று. நின்றுபோன மூன்று பேரில் ஒருவர்தான் திரும்பி வந்தார்.

பன்றிகள் ஐந்து வாரம் தாமதமாக விற்பனைக்குப் போயின. முதுகுக் கொழுப்பு அதிகம் என்று வாங்க வந்தவர் முகம் சுளித்தார். அண்ணன் அவரிடம், "நான் ரெண்டு தடுப்பாப் பிரிச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணேங்க" என்று ஆரம்பித்து, வெயிலில் நிற்க வைத்து அரை மணி நேரம் காலர், துணி எல்லாம் விளக்கினான். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். என் பெயரும் வரவில்லை, அண்ணியின் பெயரும் வரவில்லை. அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லாரி போன பிறகு, அடுத்த குட்டிகளுக்குக் கலவை எழுத உட்கார்ந்தோம். புதுத் தாள், புது பிளாஸ்டிக் உறை. கீழே சிவப்பில், "சாமான் மாறினால் கலப்பதை நிறுத்து" என்று எழுதினேன். அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"பாப்பா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஒன்பதரை கிராமுக்கே இப்படின்னா, பத்தொன்பது கிராம் போட்டா ரெண்டு மடங்கு வளருமா?"

பேனாவை மூடினேன். கண்ணையும் ஒரு நிமிஷம் மூடினேன்.

"உக்காரு, அண்ணா" என்றேன். "லைசின் நிறைஞ்சதும் அடுத்து எது குறையும்னா, அதுக்குப் பேர் திரியோனின்."

உட்கார்ந்தான். நான்கு நிமிஷம் நன்றாகத்தான் கேட்டான். அப்புறம் கலக்கும் எந்திரத்தின் மூடி லேசாக ஆடுகிறதே என்று சொல்லி, ஸ்குரூ டிரைவரை எடுக்க எழுந்து போனான்.